முன்னால் நடப்பவர்

லண்டன் அருங்காட்சியகத்தின் மங்கிய வெளிச்சத்தில், விக்டோரியா மகாராணி காலத்து பாலே நடனக்காரியின் வெள்ளைப் பாவாடை கண்ணாடிப் பெட்டிக்குள் நுரைபோல் நிற்கிறது. கணுக்கால் தெரிகிற உடுப்பு என்று அருளம்பலம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திரும்பிய பக்கம் அதைவிட மோசமான காட்சி. அந்தக் காலத்தில் நாடகம் பார்க்கப் போனவர்கள் அணிந்ததுபோன்ற உடுப்புகளை, வந்தவர்கள் போட்டுப் பார்ப்பதற்காக அங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள். அவர் மனைவி தவமலர் பட்டுச் சேலையோடு முழங்கைவரை வெள்ளைக் கையுறை மாட்டி, இறகு விசிறியும் பிடித்திருக்கிறாள். உயரத் தொப்பி வைத்த சம்பந்தி கனகசபை முழங்கையை மடித்து அவளிடம் நீட்டுகிறார். "வாங்கோ தங்கச்சி, துரைமார் சீமாட்டியளை இப்பிடித்தான் நாடகத்துக்குக் கூட்டிக்கொண்டு போறவை." அருளம்பலம் தொண்டையைச் செருமுகிறார். "எங்கட குடும்பத்திலை உந்தப் பழக்கம் இல்லை." "ஓம் அண்ணை," தவமலர் சம்பந்தியைப் பார்த்துச் சிரிக்கிறாள், "எங்கட குடும்பத்திலை இவர் முன்னாலை போவார், நான் முதுகைப் பாத்துக்கொண்டு பின்னாலை போவன்." வெள்ளைக் கையுறை சம்பந்தியின் கைக்குள் நுழைகிறது. பட்டின் சரசரப்பு அடுத்த கூடத்துக்குள் தேய்ந்து போகிறது. அருளம்பலம் முதுகு வளையாமல் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி நிற்கிறார். நடனக்காரியின் பாவாடைக்கு மேலே, அவருடைய வலது முழங்கை பிடிப்பார் இல்லாமல் மடிந்து நிற்பது கண்ணாடியில் பிம்பமாகத் தெரிகிறது.