முழுக்கை ரவிக்கை

“இந்த வெயில்ல மணிக்கட்டு வரைக்கும் ரவிக்கை போட்டுனு திரியிறியே, உள்ள என்னாத்தடி மறைக்கிற?”

கிணற்றடியில் பூவம்மாள் ஒருநாள் இப்படிக் கேட்டாள். முனிலட்சுமி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கேள்வி அங்கேயே நிற்கவில்லை. மூக்கண்டப்பள்ளியைச் சுற்றிவிட்டு ஓசூர்ச் சந்தை வரைக்கும் போனது. போகிற வழியில் இரண்டு வரன்களைத் திருப்பி அனுப்பியது.

இன்று மூன்றாவது வரன். பத்தரை மணி பஸ்ஸில் பெங்களூரிலிருந்து வருகிறார்கள்.

“இன்னிக்கி ஒரு நாளு என் பேச்சக் கேளுடி.” சரோஜம்மாள் மகளின் மடியில் ஒரு புது ரவிக்கையைப் போட்டாள். ரோஸ் நிற நைலான், பஃப் கை. ஊரில் இரண்டு பிள்ளை பெற்றவர்கள்கூட இப்போது இதைத்தான் தைத்துக்கொள்கிறார்கள். முழுக்கை என்று சொன்னால் தையற்கடை லால் பாஷா அளவெடுக்காமலே சிரிக்கிறார்.

“எனக்கு என்னுதே போதும்மா.”

“அதப் போட்டா ஆஸ்பத்திரி நர்ஸம்மா கணக்கா இருக்கிற. ஊசி போடத்தான் வரப்போறன்னு மாப்ள வூட்டுக்காரங்க ஓடிப்போவாங்க.”

“ஓடட்டும்.”

“இதுவும் தட்டிப் போச்சின்னா உங்கப்பன் தல நிமுந்து சந்தைக்கிப் போவ முடியாதுடி.”

முனிலட்சுமியால் உட்கார முடியவில்லை. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். அவளுடைய ஊதா ரவிக்கைக்குக் கைக்கு ஆறு பொத்தான். முதல் பொத்தானைக் கழற்றினாள். உடனே போட்டாள். மறுபடி கழற்றினாள். பள்ளிக்கூடத்தை நிறுத்திய வருஷம் தைத்தது. இரண்டு தடவை பிரித்து அகலப்படுத்தியாகிவிட்டது. பஸ்ஸின் ஹார்ன் கேட்டபோது ஆறு பொத்தானும் பூட்டியிருந்தன.

மாப்பிள்ளை கோவிந்தப்பனும் அவன் அம்மா லட்சுமியம்மாளும் பாயில் உட்கார்ந்தார்கள். அவன் பெங்களூரில் துணிமில் மேஸ்திரி. சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பெண்கள் முண்டியடித்தார்கள்.

“சட்டையப் பாருடி! கைப்பட்டியில என்னமோ மின்னுது.”

“பெங்களூர்ல இப்ப இதான் பேஷனாம். பொத்தானுக்குப் பதிலு தங்கத்துல மாட்டிக்கிறாங்க.”

“தங்கமாவது! பித்தளடி.”

முனிலட்சுமியின் அப்பா கரியப்பன் மாப்பிள்ளைக்கு விசிறியை நீட்டினார். “வெக்கையா இருக்குது மாப்ள. கைய மடிச்சி வுட்டுக்கங்க, எல்லாம் நம்ம சனந்தான்.”

“பரவால்ல மாமா.” கோவிந்தப்பன் கழுத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டான்.

முனிலட்சுமி காப்பி கொண்டுவந்தாள். லட்சுமியம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தாள்.

“கையக் கொஞ்சம் காட்டும்மா.”

முனிலட்சுமி உள்ளங்கையை விரித்தாள்.

“ரேகை பாக்கவா வந்தன்? மேல தூக்கிக் காட்டு. ஊர்ல என்னென்னமோ பேசிக்கிறாங்க. ஒரு வெள்ளத் திட்டு இருந்தாலும் எங்க வம்சத்துக்கு ஆவாது. தப்பா நெனச்சிக்காத.”

சன்னலில் தலைகள் நெருங்கின. சரோஜம்மாள் தரையைப் பார்த்தாள். கரியப்பன் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

“காட்டிடும்மா,” என்றார் சுவரைப் பார்த்தபடி.

முனிலட்சுமி நின்றுகொண்டே இருந்தாள். விரல் முதல் பொத்தானைத் தேடிப் பிடித்தது. ஒன்று. இரண்டு. ஆறாவது பொத்தான் கழன்றதும் கையைத் தோள்வரை ஏற்றினாள். பிறகு மற்றக் கை.

மாநிறக் கைகள். இடது முழங்கைக்குக் கீழே ஒரு கொசுக்கடி. வேறொன்றும் இல்லை.

லட்சுமியம்மாள் நம்பவில்லை. கட்டைவிரலைக் காப்பியில் நனைத்து, பவுடர் பூசியிருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்தாள். அப்புறம்தான் சிரித்தாள்.

“சாக்கு, சாக்கு!” என்றாள் பெங்களூர்க் கன்னடத்தில். “போதும், எறக்கி வுட்டுக்க. பின்ன என்னாத்துக்கும்மா இதப் போட்டுனு அலையற?”

“பிடிக்கும்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

“இத அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னாடி?” என்று சன்னலிலிருந்து பூவம்மாள் கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். சரோஜம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெற்றிலைத் தட்டு எடுக்க ஓடினாள். கரியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“கல்யாணத்துக்கு மட்டும் பஃப் கை வெச்சித் தெச்சிக்க,” என்றாள் லட்சுமியம்மாள். “எம் மவனப் பாத்தியா, எவ்ளோ பேஷனா இருக்கான்! அவம் பக்கத்துல நிக்கணுமில்ல?”

முனிலட்சுமி அப்போதுதான் அவனை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கைகளில் இன்னும் காப்பியின் ஈரம் இருந்தது. நாலு பேர் நடுவில் அவள் தானாக வாய் திறந்ததே இல்லை.

“இப்ப அவரு காட்டட்டும்.”

“அப்பிடிக் கேளுடி!” சன்னல் அதிர்ந்தது. கரியப்பன்கூடச் சிரித்துவிட்டார்.

லட்சுமியம்மாள் சிரிக்கவில்லை. அவள் கை சட்டென்று மகனின் கைப்பட்டியின் மேல் விழுந்து இறுக்கிப் பிடித்தது.

ஒவ்வொருவர் சிரிப்பாக நின்றது. கோவிந்தப்பன் அம்மாவின் விரல்களை மெதுவாக விலக்கினான். எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தான்.