நாற்பத்தோராவது மூட்டை

'பாதுகாப்பு' என்ற பொருளில் நடந்த கலை விழாவுக்காக, குருநகர் மண்டபம் ஒன்றுக்குள் சிவகௌரி குண்டுவீச்சுக்குப் பதுங்கும் பங்கர் ஒன்றைக் கட்டினாள். போர்க்காலத்தில் செய்ததுபோலவே சேலைகளை வெட்டி மண்மூட்டைகள் தைத்தாள். நாற்பது பெண்கள் ஆளுக்கொரு சேலை தந்திருந்தார்கள். ஒரு சேலைக்கு ஒரு மூட்டை. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

திறப்பு நாள் காலையில் எண்ணியபோது நாற்பத்தொரு மூட்டைகள் இருந்தன. ஊதா நிற மூட்டையில் மட்டும் பெயர்த்துண்டு இல்லை. தையல் சிவகௌரியுடையதுதான்.

சேலை தந்தவர்களில் ஒருவரான அருமைநாயகி அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"அன்ரி, உது ஆற்றை சீலை?" என்று சிவகௌரி கேட்டாள்.

"என்ரை."

"நீங்கள் பச்சையெல்லோ தந்தனீங்கள்?"

"ஓம். இதை நான் தரேல்லை, பிள்ளை. வன்னியிலை, என்ரை எட்டு மாதத்துச் சின்னவளை இதாலை சுத்தித்தான் மண்ணுக்கை தாட்டனாங்கள்."

"உதே மாதிரிச் சீலை எத்தினையோ இருக்கும், அன்ரி."

அருமைநாயகி சேலைக் கரையிலிருந்த தீய்ந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார். பிறகு குனிந்து, மூட்டையை ஒற்றைக் கையால் எடுத்துத் தோளில் சாய்த்து, மெல்லத் தட்டத் தொடங்கினார்.