காற்றுப் போகும் வழி

மூன்று மணி நேரமாக, வாங்கிய கடையின் மேசைமீது அந்தப் புது லேப்டாப் ஒருமுறைகூட அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் என்றால் ராத்திரி தவறாமல் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். பழுதுபார்ப்பவர் அதன் அடிப்பக்கத் துளைகளில் விரலை வைத்துப் பார்க்கிறார். “சூட்டுலதான் அணையுது. காத்து போற வழிய எதுவோ அடைக்குது. எங்க வெச்சு பாக்குறீங்கம்மா?” என்று கணவனோடு வந்திருப்பவளைக் கேட்கிறார். “மேசை மேலதான்,” என்று கணவன் அவளை முந்திக்கொள்கிறான். “ராசியில்லாத பெட்டி சார், திருப்பி எடுத்துக்குங்க. படம் பாக்குறவளுக்கு என் போனே போதும்.” பழுதுபார்ப்பவர் மூடியைச் சாத்தப் போகிறார். அவள் முகத்தில் விழுந்திருந்த திரையின் வெளிச்சம் மெல்லச் சரிகிறது. கைப்பையின் வாரை விரலில் சுற்றி இறுக்குகிறாள்; விரல்நுனி வெளுக்கிறது. “போர்வைக்குள்ள வெச்சு, சார்,” என்கிறாள். பிறகு கணவன் பக்கம் திரும்புகிறாள். “நீங்க தூங்கினப்புறம். வேலைக்கு எழுதிப் போட்டுட்டிருக்கேன்.”