முத்திரை இல்லாத யுனிக்ஸ்

கோவிந்தராஜுலு சொன்ன இந்தக் கதையைப் பல வருஷமாக நான் முழுதாக நம்பவில்லை. பொய் என்று அல்ல. எங்கோ ஒரு துண்டு விட்டுப்போகிறது என்று தோன்றும். குறை என் மனசில்தானோ என்றும் தோன்றும்.

அவர் மோட்டார் கம்பெனி முதலாளி. ஒரு பொறியியல் கல்லூரியின் கொள்முதல் கமிட்டிக்கும் தலைவர். தொண்ணூற்றாறில் அங்கே கம்ப்யூட்டர்களை இயக்க யுனிக்ஸ் என்ற மென்பொருள் வாங்க டெண்டர் விட்டார்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஏஜென்ட் ஸ்ரீனிவாஸ். அவருடைய சரக்கு புதிதாக எழுதப்பட்டது. பழைய யுனிக்ஸோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கட்டணம் கட்டி, சோதனையில் தேறி, அந்தப் பேரைப் போட்டுக்கொள்ளச் சான்றிதழ் வாங்கியிருந்தது.

இன்னொருவர் பிரான்சிஸ். மில் வேலையை விட்டுவிட்டு, இந்த ஆர்டரை நம்பி உக்கடத்தில் கடை திறந்தவர். அவர் கொண்டுவந்தது முதல் யுனிக்ஸிலிருந்தே வழிவழியாக வளர்ந்து வந்தது. அந்தச் சான்றிதழ் முத்திரை மட்டும் இல்லை.

பிரான்சிஸ் அதை ஓட்டிக் காட்டினாராம். ஒரு குறையும் சொல்ல முடியவில்லையாம். இது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், அதுதான் முக்கியம் என்று மன்றாடினாராம்.

"வம்சமெல்லாம் பொண்ணு பார்க்கறப்பக் கேட்டுக்கலாங்க. முத்திரை இருக்குதுங்களா, இல்லைங்களா?"

கோவிந்தராஜுலு இப்படிக் கேட்டதும் கமிட்டியே சிரித்ததாம். பிரான்சிஸ் கும்பிட்டுவிட்டு எழுந்து போனாராம்.

"கொள்கைன்னா கொள்கைதானுங்க" என்று கதையை முடித்து, காபியை எடுத்துக்கொள்வார்.

கோபியில் என் தோட்டத்துக் கிணற்றுக்கு மோட்டார் வாங்க, ஒரு நாள் அவர் கம்பெனிக்கே போனேன். நல்ல மோட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காணோம்.

"ஏனுங்க, முத்திரை இல்லைங்களே?"

அவர் முகம் வாடிப்போயிற்று.

"நீங்களே இப்படிக் கேக்கலாங்களா? பணம் கட்டுனா அதை யாருக்கு வேணும்னாலும் குடுத்துப்போடுவாங்க. இது எங்கப்பா பட்டறையில இருந்து வர்ற மோட்டாருங்க. அதைவிட என்ன வேணும்?"

மோட்டாரை வாஞ்சையோடு தட்டிக்கொடுத்தார். முகத்தில் துளியும் கள்ளம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மெதுவாகக் கேட்டேன்.

"அந்த பிரான்சிஸ் அப்புறம் என்னங்க ஆனார்?"