தலை அளவு

தன் தீவின் கிரிக்கெட் அணிக்காகப் பதினான்கு சீசன் பந்து வீசிய ஆஸ்பர்ட்டுக்கு, மேற்கிந்தியத் தீவுகள் அணியிலிருந்து ஒரே ஒரு முறைதான் தொலைபேசி வந்தது. யாருக்கோ கணுக்கால் சுளுக்கிவிட்டது, நாளைக்கே விமானம் ஏற வேண்டியிருக்கலாம், தொப்பிக்குத் தலை அளவு சொல்லுங்கள் என்றார்கள். மனைவி வெர்லின் தையல் நாடாவை எடுத்து அவனுடைய அடர்ந்த சுருட்டை முடியைச் சுற்றிப் பிடித்தாள். இருபத்து நான்கு அங்குலம். விடிவதற்குள் அந்தக் கணுக்கால் சரியாகிவிட்டது. அதன் பிறகு யாரும் அழைக்கவில்லை. ஆனால் ஆஸ்பர்ட் அன்றிலிருந்து முடிவெட்டப் போனால் நாடாவோடுதான் போவான்; அந்த அளவுக்கு மேல் வளரவும் விடமாட்டான், குறையவும் விடமாட்டான். கடைசி ஆட்டம் ஆடிவிட்டு வந்த மாலையில் வெர்லின் கத்தரிக்கோலோடு நின்றாள். “இன்னிக்காவது ஒட்ட வெட்டிடட்டுமா? வேர்த்து ஊத்துது உனக்கு.” அவன் முக்காலியில் உட்கார்ந்தான். நரைத்த சுருள்கள் காலடியில் குவிந்தன. வெட்டி முடித்ததும் பிடரியைத் தடவிக்கொண்டே, “ஒரு தடவை அளந்து பாரேன்” என்றான். நாடா இருபத்து மூன்றிலேயே முட்டி நின்றது. வெர்லின் அந்த எண்ணைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள். “அதே இருபத்தி நாலுதான்” என்றாள். “கூப்பிட்டா அதையே சொல்லு.”