பெட்டியின் வாய்

மணி மூன்றாக இன்னும் நான்கு நிமிடம். 'சிறு தொழில் செய்வோருக்குச் சலுகை' என்ற பலகைக்குக் கீழே நிற்கும் டெண்டர் பெட்டியின் வாயில் தகரப் பட்டறைக்காரி தன் கவரைத் திணித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மூலை மட்டும் உள்ளே போய் முட்டி நிற்கிறது. சலுகை வேண்டுமென்றால் தான் சின்ன ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு இருபத்தெட்டுச் சான்றிதழ்கள். கவர் தலையணையாக உப்பியிருக்கிறது. ஜன்னல் வெயில் பெட்டியின் பச்சைப் பெயின்டில் வழுக்கி, அதன் நெற்றியில் 'அன்பளிப்பு' என்பதன் கீழுள்ள பெரிய கான்ட்ராக்டரின் பெயரில் விழுகிறது. பெயர்தான் அவருடையது. போன வருடம் அவர் சொன்ன அளவுக்குத் தகரத்தை வெட்டி, மடித்து, போடுகிறவர் கை கிழியக் கூடாதே என்று வாயின் விளிம்பை அரை நாள் அரம் போட்டுத் தேய்த்தவள் இவள்.

"பிரிச்சு ரெண்டு கவராப் போடட்டுமா சார்?"

"சீலை உடைச்சா செல்லாதும்மா" என்கிறார் குமாஸ்தா, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப கையில வாங்கிக்குங்களேன்."

"கையில எதையும் வாங்குறதில்லம்மா. இது நேர்மையான ஆபீஸ்."

பியூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். "கொஞ்சம் தள்ளிக்குங்கக்கா" என்று கான்ட்ராக்டரின் ஆள் அவள் முழங்கையை விலக்குகிறான். அவனுடைய மெல்லிய கவர் சத்தமே இல்லாமல் உள்ளே நழுவுகிறது. மணி அடிக்கிறது. குமாஸ்தா எழுந்து வந்து வாயின் மேல் காகிதப் பட்டையை ஒட்டுகிறார்; ஒட்டும்போது விளிம்பை விரலால் ஒரு முறை தடவிப் பார்க்கிறார்.

"எவன் செஞ்சானோ, ஒரு பிசிறு இல்ல பாரு" என்கிறார் பியூனிடம். "செஞ்ச கைக்குத் தங்கக் காப்பே போடலாம்."