மொட்டைமாடிக் கதவு

பொற்கொடி பலாமரத்தை ஆசைதீர இழைத்து ஒரு கதவு செய்தாள். பொருத்தச் சுவர் இல்லாததால் நிலையோடு மொட்டைமாடி நடுவில் நிறுத்தினாள்.

"வீடே இல்லாம கதவு செஞ்சவ நீ ஒருத்திதாண்டி. காத்து வந்து தட்டுமாக்கும்?" என்று அண்ணன் சேந்தன் சிரித்தான்.

வெறும் பலகை என்று அவன் சொல்லிவிடக்கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டும். அந்தப் பக்கம் போய்க் கதவைச் சாத்தினாள். இடுக்கில் ஒரு கீற்று வெயில்கூட நுழையவில்லை.

சிரிப்பு நின்றது. சுற்றிக்கொண்டு வர அவனுக்கு இரண்டு எட்டு போதும். வரவில்லை. உள்ளங்கை மரத்தைத் தடவிப்போகும் சத்தம் கேட்டது. பிறகு செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு, மெதுவாகத் தட்டினான்.

பொற்கொடி பொங்கிவந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"யாரது?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள்.